அத்தியாயம் 7: மார்ஷல்களிடம் நடந்துகொள்ளும் முறை

ரேலி ஓட்டக் கற்றுக்கொள்ள வரும் பிள்ளைகள் டயரைப் பற்றிக் கேட்பார்கள், சஸ்பென்ஷனைப் பற்றிக் கேட்பார்கள், பேஸ் நோட்ஸ் எழுதுவதைத் துருவித் துருவிக் கேட்பார்கள். சாலையோரம் கொடியோடு நிற்கும் மார்ஷலைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. அதனால்தான் அவர்களுக்கு இந்த நூலில் தனி அத்தியாயம். உங்கள் கார் பழுதானால் பட்டியலில் ஒரு கார் குறையும், பந்தயம் நடக்கும். மார்ஷல்கள் வராவிட்டால் ஸ்டேஜ், அதாவது நேரம் வைத்து ஓட்டும் மூடிய சாலைப் பகுதி, தொடங்கவே தொடங்காது.

நம் ஊர்ச் சாலையை வைத்தே இதைச் சொல்கிறேன். மலேசிய மலைநாட்டில் பிரிஞ்சாங்கைத் தாண்டி சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டத்துக்குப் போகும் சாலை தானா ராத்தாக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான். எதிரே ஒரு வண்டி வந்தால் யாராவது ஒருவர் ஒதுங்கி நின்றாக வேண்டும். அதைப் போன்ற ஒரு தோட்டச் சாலையைப் பந்தயத்துக்காக மூடப்போவதாக மனத்தில் வைத்துக்கொண்டு, அதில் ஒரு கிலோமீட்டர் நடந்து பாருங்கள். கொழுந்து ஏற்றிவரும் லாரி வந்து சேரும் கிளைச்சாலை, லயத்திலிருந்து இறங்கும் படிக்கட்டு, கோயிலுக்குப் போகும் வழி, காய்கறித் தோட்டத்துக்காரர் தன் பழைய லேண்ட் ரோவரை ஓட்டிக்கொண்டு வரும் மண்பாதை, தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஆள் நடந்து நடந்து உண்டான ஒற்றையடித் தடங்கள் என்று எத்தனையோ வழிகள் சாலையில் வந்து சேரும். இவற்றில் எதன் வழியாகவும், எந்த நிமிடத்திலும், தலையில் சுமையோடு ஒருவர் சாலைக்கு வந்துவிடலாம். அந்த வழிகள் ஒவ்வொன்றையும் யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும். 15 கிலோமீட்டர் ஸ்டேஜுக்கு எத்தனை பேர் தேவை என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

நாடா கட்டிவிட்டால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. நாடாவைத் தூக்கிவிட்டு உள்ளே வர ஒரு கை போதும். ராஜஸ்தானின் பார்மேர் மாவட்டத்தில் 2019 செப்டம்பர் 21 அன்று இந்திய தேசிய ரேலிச் சுற்று ஒன்று நடந்தது. பந்தயத்துக்காக மூடியிருந்த சாலைக்குள் ஒரு மோட்டார் சைக்கிள் வந்துவிட்டது. அதில் வந்த கணவன், மனைவி, மகன் மூன்று பேரும், முன்னணி ஓட்டுநர் ஒருவரின் கார் மோதி அங்கேயே இறந்தார்கள். வேகத்தில் வரும் ஓட்டுநரால் அந்த நொடியில் செய்ய முடிவது மிகவும் குறைவு. அதற்கு முன்பே, நாடாவுக்குப் பக்கத்தில், ஒரு மனிதர் இன்னொரு மனிதரைப் பேசி நிறுத்துவதில்தான் எல்லாம் இருக்கிறது. "கொஞ்சம் பொறுங்க அண்ணே, இன்னும் பத்து நிமிஷம்தான்" என்று மார்ஷல் தன்மையாகச் சொல்லி ஒருவரை நிறுத்தியிருப்பார். நீங்கள் அந்த வளைவை நான்காவது கியரில் கடந்து போயிருப்பீர்கள். அவர் நிறுத்தியது உங்களுக்குத் தெரிய வாய்ப்பே இல்லை.

ஜொகூர் செம்பனைத் தோட்டங்களின் மண்பாதைகளில் ஆசிய-பசிபிக் ரேலியின் மலேசியச் சுற்று பல ஆண்டுகள் நடந்தது. அதன் இந்தியச் சுற்று சிக்கமகளூரு காப்பித் தோட்டங்களில் நடந்தது. 2002ல் புரோட்டோன் காரில் உலக புரொடக்‌ஷன் கார் ரேலிப் பட்டத்தை வென்ற நம் நாட்டுக் கரம்ஜித் சிங் இப்படிப்பட்ட தோட்டப் பாதைகளில் ஓட்டி வளர்ந்தவர். அந்தப் பாதைகளின் ஒவ்வொரு சந்தியிலும் சம்பளம் வாங்காத ஒருவர் வெயிலிலும் மழையிலும் நின்றிருக்கிறார்.

அவர்கள் யார்? கல்லூரி மாணவர்கள், பட்டறையில் வேலை செய்பவர்கள், மோட்டார் சங்கத்து உறுப்பினர்களின் குடும்பத்தார், ஆசிரியர்கள், ஓய்வுபெற்ற அரசு ஊழியர்கள், சில சமயம் அந்தத் தோட்டத்திலேயே வேலை பார்ப்பவர்கள். ஒரு டி-சட்டை, ஒரு சாப்பாட்டுப் பொட்டலம், சில இடங்களில் வழிச்செலவுக்குக் கொஞ்சம் பணம். கிடைப்பது அவ்வளவுதான். முதல் கார் கிளம்புவதற்குப் பல மணி நேரம் முன்பே, பெரும்பாலும் இருட்டோடு, தங்கள் இடத்துக்குப் போய்விட வேண்டும். சாலை மூடிய பிறகு அங்கிருந்து வெளியே வர முடியாது. கடைசிப் போட்டி கார் போய், அதன் பின்னால் சாலையைத் துடைத்தெடுத்துக்கொண்டு வரும் ஸ்வீப்பர் காரும் கடந்த பிறகுதான் அவர்களுக்கு விடுதலை. அதற்குள் நீங்கள் சர்வீஸ் பார்க்கில் குளித்து, சாப்பிட்டு, காலை நீட்டி உட்கார்ந்திருப்பீர்கள். மலைநாட்டில் மதியத்துக்கு மேல் மூடுபனி இறங்கும், மழை பிடிக்கும், புல்லிலிருந்து அட்டை ஏறும். பெண் மார்ஷல்கள் காலை முதல் தண்ணீர் குடிக்காமலே இருந்துவிடுவார்கள். காரணத்தை நான் விளக்க வேண்டியதில்லை. நீங்கள் சொந்தமாக அணி வைத்திருந்தால், கழிப்பறை வசதி பற்றி ஏற்பாட்டாளர்களின் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள். ஓட்டுநர் கேட்டால் அது நடக்கும்.

இனி நடைமுறைக்கு வருகிறேன். எல்லாவற்றுக்கும் முதலில் கொடி.

உலக அளவில் எஃப்ஐஏ என்ற சர்வதேச மோட்டார் பந்தய அமைப்பின் விதிகளின்படி ஸ்டேஜில் காட்டப்படுவது சிவப்புக் கொடி. முன்பு மஞ்சள் கொடி இருந்தது. சில உள்ளூர்ப் போட்டிகளில் இன்னும் அதுவே இருக்கலாம். உங்கள் போட்டிக்கு எந்த நிறம் என்பதைத் துணை விதிமுறைகளில் பார்த்து, கோ-டிரைவரோடு சத்தமாகப் பேசி உறுதிசெய்துகொள்ளுங்கள். கொடியைக் கண்டால் உடனே வேகத்தைக் குறைக்க வேண்டும், ஸ்டேஜ் முடியும்வரை அந்தக் குறைந்த வேகத்திலேயே போக வேண்டும், வழியில் மார்ஷல் சொல்வதைக் கேட்க வேண்டும். "ஏன்?" என்ற கேள்விக்கு அங்கே இடமில்லை. மார்ஷலுக்கே முழு விவரம் தெரியாமல் இருக்கலாம். ரேடியோவில் வந்த உத்தரவை அவர் நிறைவேற்றுகிறார். இதனால் நேரம் போய்விடுமே என்று பயப்படவும் வேண்டாம். கொடியால் தடைப்பட்ட குழுவுக்கு நியாயமான ஒரு நேரத்தைக் கணக்கிட்டுத் தர விதியில் வழி இருக்கிறது. கொடிக்குக் கீழ்ப்படிந்து நீங்கள் இழக்கப்போவது ஒன்றுமில்லை.

கீழ்ப்படியாததால் என்ன நடக்கும் என்பதற்கு நம்மைப் போன்ற தேயிலை மலைநாட்டிலேயே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். இலங்கையின் ஊவா மாகாணத்தில் தியத்தலாவை என்ற ஊர். அங்கே பாக்ஸ் ஹில் சூப்பர் கிராஸ் என்ற கார் பந்தயம் சில ஆண்டு இடைவெளிக்குப் பிறகு 2024 ஏப்ரல் 21 அன்று மறுபடி நடந்தது. அது ரேலி அல்ல, சுற்றுப்பாதைப் பந்தயம். ஆனாலும் பாடம் ஒன்றுதான். ஒரு கார் தடத்தின் ஓரத்தில் கவிழ்ந்தது. வேகத்தைக் குறைக்கச் சொல்லி மார்ஷல்கள் மஞ்சள் எச்சரிக்கையை அசைத்துக்கொண்டிருந்தார்கள். கார்கள் வேகமாகவே வந்தன. அவற்றில் ஒன்று தடம் விலகிப் பாய்ந்தது. ஏழு பேர் இறந்தார்கள். அவர்களில் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி. நான்கு பேர் பந்தயத் தடத்தில் பணியில் இருந்த உதவியாளர்கள். அந்தக் காணொளி இப்போதும் பார்க்கக் கிடைக்கிறது. புதிதாக ஓட்ட வருபவர்கள் ஒருமுறை அதைப் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. காரைப் பார்க்காதீர்கள், எச்சரிக்கை காட்டிக்கொண்டிருப்பவர்களைப் பாருங்கள். அவர்கள் தங்கள் வேலையைச் சரியாகத்தான் செய்தார்கள்.

அடுத்தது கன்ட்ரோல், அதாவது உங்கள் நேரத்தைப் பதிவுசெய்யும் இடம். சண்டைகளில் பாதி இங்கேதான் பிறக்கிறது.

டைம் கன்ட்ரோலுக்கு முன்னால் மஞ்சள் பலகை இருக்கும், கன்ட்ரோல் மேசை இருக்கும் இடத்தில் சிவப்புப் பலகை. உங்களுக்குரிய நிமிடத்தில் கோ-டிரைவர் நேரம் பதியும் கார்டை மார்ஷல் கையில் கொடுக்கும் நொடிதான் கணக்கு. தாமதமானால் நிமிடத்துக்கு 10 நொடி தண்டனை. முன்கூட்டியே கொடுத்துவிட்டால் நிமிடத்துக்கு ஒரு முழு நிமிடம். இதில் ஒரு விஷயத்தைப் பலர் அறியாமல் கோபப்படுகிறார்கள். "எங்க டைம் எப்பங்க?" என்று மேசையில் இருப்பவரிடம் கேட்டால் அவர் பதில் சொல்லக் கூடாது. உங்கள் நேரத்தை அறிந்து வருவது உங்கள் பொறுப்பு. அதைப் பற்றி மார்ஷல் எந்தத் தகவலும் தரக் கூடாது என்பது விதி. அவர் வாயை மூடிக்கொண்டு கடிகாரத்தைக் காட்டினால் அது திமிர் அல்ல. கார்டில் எழுதும் உரிமையும் அவருக்கு மட்டுமே. நீங்கள் பேனாவை வாங்கி ஒரு புள்ளியைத் திருத்தினாலும் வினைதான். எழுதியது சரியா என்று அங்கேயே பார்த்துச் சொல்வது மட்டும் உங்கள் வேலை.

ஒரு செம்பனைத் தோட்ட ரேலியில் ஸ்டேஜ் முடிவில் நான் பார்த்தது இது. நல்ல மழை. மேசை மேல் விரித்த குடையிலிருந்து தண்ணீர் கார்டில் சொட்டுகிறது. பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பெண், தொப்பியிலிருந்து வழியும் தண்ணீரைத் தோளில் துடைத்துக்கொண்டு எழுதுகிறாள். நனைந்த தாளில் பேனா பிடிக்கவில்லை. ஓட்டுநர் ஹெல்மெட்டோடு ஜன்னல் வழியே அவள்மேல் கத்தினார். அவள் கை நடுங்கி நிமிடத்தைத் தவறாக எழுதிவிட்டாள். கோ-டிரைவர் பெல்ட்டைத் தளர்த்திக் குனிந்து, "பரவால்ல தங்கச்சி, அவசரமில்ல, அடிச்சிட்டுப் பக்கத்துல எழுதிக் கையெழுத்துப் போடுங்க" என்றார். அவள் ஒரு மூச்சு விட்டுவிட்டுச் சரியாக எழுதினாள். கத்தியவருக்கும் அந்தச் சரியான நேரம்தான் கிடைத்தது, கோ-டிரைவர் புண்ணியத்தில். அடுத்த ஆண்டு அந்தப் பெண் வரவில்லை. அவள் வராததற்கு வேறு காரணமும் இருக்கலாம்தான். ஆனாலும் அந்த மேசையில் வேறு ஒருவரை உட்காரவைத்து முதலிலிருந்து பழக்க வேண்டியிருந்தது.

ஆகவே கன்ட்ரோலில் பேசுவதைக் கோ-டிரைவரிடம் விட்டுவிடுங்கள். ஸ்டேஜை முடித்து வரும்போது ஓட்டுநரின் நாடி எகிறிப்போயிருக்கும். அந்த நேரத்தில் வரும் வார்த்தை அவருடைய சொந்த வார்த்தையாக இருக்காது. வேகம் குறைக்காமல் கடக்கும் முடிவுக் கோட்டைத் தாண்டிச் சில நூறு மீட்டரில் சிவப்பு ஸ்டாப் பலகை வரும்; நடுவில் நிற்கக் கூடாது என்பதை அறிவீர்கள். அந்தத் தூரத்தில் ஹெல்மெட்டின் முகக்கண்ணாடியைத் தூக்கி, இரண்டு மூச்சு இழுத்துவிட்டு, மேசைக்கு அருகில் காரை மெல்லக் கொண்டுபோய் நிறுத்துங்கள். கற்கள் தெறிக்கும்படி பிரேக் போட்டு நிறுத்துவது பார்ப்பதற்கு வீரமாக இருக்கலாம். மேசையில் இருப்பவர் கண்ணுக்கு நேரே அந்தக் கல் போகிறது.

அவர்களை எப்படி அழைப்பது என்பதும் சின்ன விஷயமல்ல. நம் நாட்டில் மேசையில் யார் இருப்பார் என்று சொல்ல முடியாது. மலாய்க்காரராக இருந்தால் "பாங்", பெண்ணாக இருந்தால் "கக்". வயதான சீனராக இருந்தால் "அங்கிள்". நம்மவராக இருந்தால் "அண்ணே", "அக்கா", "தம்பி". கிளம்பும்போது ஒரு "தெரிமா காசே", அல்லது கையைத் தூக்கி ஒரு வணக்கம். "ஓய்", "ஹலோ" என்று விரலைச் சொடுக்கி அழைப்பதை நான் பார்த்திருக்கிறேன். அப்படி அழைப்பவருக்கு ஒரு நாள் பள்ளத்தில் கிடந்து உதவி தேவைப்படும். உதவி வந்துவிடும், அதில் சந்தேகமில்லை. மார்ஷல்கள் அந்த மாதிரி மனிதர்கள். ஆனாலும் அவர் முகத்தைப் பார்த்து நன்றி சொல்ல உங்களுக்கே கூச்சமாக இருக்கும்.

பள்ளம் என்றதும், விபத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கார் கவிழ்ந்தால் உங்களிடம் முதலில் ஓடி வருபவர் மார்ஷல்தான். மருத்துவ வண்டி பின்னால்தான் வரும். அவர் வருவதற்கு முன் நீங்கள் செய்ய வேண்டியவை உண்டு. இன்ஜினையும் மெயின் சுவிட்சையும் அணையுங்கள். காயமில்லை என்றால் பச்சை ஓகே பலகையைப் பின்னால் வரும் குறைந்தது மூன்று கார்களுக்குக் காட்டுங்கள். மருத்துவ உதவி வேண்டுமென்றால் சிவப்பு எஸ்ஓஎஸ் பலகை. சிவப்பு முக்கோணத்தை, பின்னால் வரும் கார்கள் உங்கள் காரை அடைவதற்குக் குறைந்தது 50 மீட்டர் முன்னால், சாலையோரம் தெரியும்படி வையுங்கள். இவை எல்லாம் விதி என்பதோடு, ஒவ்வொன்றும் அந்த மார்ஷலின் உயிரையும் காப்பாற்றுகிறது. முக்கோணம் வைக்கப்படாத வளைவுக்குப் பின்னால் உங்களுக்காக ஓடிவந்து நிற்பவர் அவர். அடுத்த கார் அவர்மேல்தான் வரும். மலை மடிப்புகளில் சத்தம் ஏமாற்றும். கார் கீழே வருகிறதா மேலே வருகிறதா என்று காதுக்குத் தெரியாது. மூடுபனி இருந்தால் கண்ணுக்கும் தெரியாது. அதனால் "வாங்க, கொஞ்சம் தள்ளிவிடுங்க" என்று அவரைச் சாலை நடுவுக்கு அழைக்காதீர்கள். அவர் தன் இடத்தை விட்டு வந்துவிட்டால் அந்தக் கிளைச்சாலை திறந்து கிடக்கிறது என்பதையும் மறக்க வேண்டாம். சேற்றிலிருந்து காரை எடுப்பது உங்கள் பாடு. சாலையை மறைக்கிறது, ஆபத்து என்று அவரே சொன்னால் அப்போது அவர் சொல்படி நடங்கள்.

அவர் "இறங்குங்க", "இந்தப் பக்கம் ஏறி நில்லுங்க" என்றால் இறங்கி, அந்தப் பக்கம் ஏறி நில்லுங்கள். நீங்கள் தேசியச் சாம்பியனாக இருக்கலாம், அவர் முதல் முறையாகக் கொடி பிடிப்பவராக இருக்கலாம். அந்த வளைவில் காலையிலிருந்து நிற்பவர் அவர். எந்தக் கல்லில் கார்கள் வழுக்குகின்றன என்று உங்களைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

மார்ஷல்களும் தவறு செய்வார்கள். நேரம் தப்பாக எழுதப்படும், பாதை மறிக்கப்படும், காட்டக் கூடாத இடத்தில் கொடி காட்டப்படும். அப்போது என்ன செய்வது? போட்டியாளர்களுக்கென்று ஒரு தொடர்பு அதிகாரி இருப்பார். பொதுவாகச் சிவப்பு மேலங்கி அணிந்திருப்பார், அவருடைய படமும் தொலைபேசி எண்ணும் ஆவணங்களில் இருக்கும். எந்தக் குறையும் அவர் வழியாகத்தான் போக வேண்டும். எந்த இடம், எந்த நிமிடம், என்ன நடந்தது என்று மூன்று வரியில் எழுதிக் கொடுங்கள். ஆன்-போர்டு கேமராப் பதிவு இருந்தால் இன்னும் நல்லது. ஸ்டேஜில் நிற்பவரிடம் வாதாடி இதுவரை யாரும் ஒரு நொடியைக்கூடத் திரும்பப் பெற்றதில்லை. அவருக்கு அந்த அதிகாரமே கிடையாது. வாதாடியதற்காகத் தண்டனை பெற்றவர்கள் உண்டு.

பெரிய பெயர் இருந்தாலும் விதி வளையாது. 2021 ஏப்ரலில் குரோஷியா ரேலியின் கடைசி நாள் காலை. ஏழு முறை உலகச் சாம்பியனாகியிருந்த செபாஸ்டியன் ஓஜியே, ஸாக்ரெப் நகரச் சாலையில் ஸ்டேஜுக்குப் போகும் இணைப்புப் பயணத்தில் பொதுமக்கள் கார் ஒன்றோடு மோதினார். அங்கே இருந்த போலீஸ்காரரின் சொல்லுக்குக் கட்டுப்படாமல் கிளம்பிவிட்டார். அன்றே அவர் 0.6 நொடி வித்தியாசத்தில் பந்தயத்தை வென்றார். ஆனால் நடுவர்கள் அபராதம் விதித்ததோடு, மறுபடி நடந்தால் ஒரு பந்தயத்துக்குத் தடை என்ற நிபந்தனைத் தண்டனையையும் கொடுத்தார்கள். அவ்வளவு நெருக்கமான வெற்றியைப் பற்றிப் பேசும்போது இதையும் சேர்த்தே பேசுகிறார்கள். சாலையில் நின்று கையைக் காட்டும் மனிதரைத் தாண்டிப் போவது என்பது எந்த மட்டத்திலும் சிறு குற்றமாகப் பார்க்கப்படுவதில்லை, பார்க்கப்படவும் கூடாது.

ரெக்கி நாட்களில், அதாவது பந்தயத்துக்கு முன் பாதையைப் பார்த்துக் குறிப்பெடுக்கும் நாட்களில், நடந்துகொள்வதையும் இதில் சேர்க்கிறேன். அப்போது சாலை மூடியிருக்காது. கொழுந்து எடுப்பவர்கள் நடந்து போவார்கள், பள்ளிப் பிள்ளைகள் வருவார்கள். வேக வரம்பை மீறி நீங்கள் வாரி இறைக்கும் சேறும் தூசியும் அவர்கள்மேல் விழும். மூன்று நாள் கழித்து அதே தோட்டத்து மக்களிடம்தான் மார்ஷல் போய் நின்று, "தயவுசெய்து உள்ளே வராதீங்க" என்று கெஞ்ச வேண்டும். அவர் கேட்கும்போது அவர்களுக்கு உங்கள் கார் ஞாபகத்துக்கு வரும்.

பந்தயம் முடிந்த இரவு பரிசு மேடையில் ஸ்பான்சர்களுக்கும் மெக்கானிக்குகளுக்கும் நன்றி சொல்வீர்கள். மார்ஷல்களைப் பொதுவாக ஒரு வார்த்தையில் முடிக்காமல், உதவியவர் இருந்த ஸ்டேஜைச் சொல்லிப் பேசுங்கள். "மூணாவது ஸ்டேஜ்ல வாய்க்கால் பக்கம் எங்க கார் கவிழ்ந்தப்ப ஓடி வந்து உதவின மூணு பேருக்கு" என்றால் மண்டபத்தின் பின்வரிசையில் யாராவது நிமிர்ந்து உட்காருவார்கள். சர்வீஸ் பார்க்கில் மிஞ்சிய தண்ணீர்ப் புட்டிகளையும் உணவையும் ஸ்வீப்பர் காரில் ஏற்றிவிட முடியுமா என்று ஏற்பாட்டாளரிடம் கேளுங்கள். பல இடங்களில் ஒப்புக்கொள்வார்கள்.

இவ்வளவையும் படித்துப் புரிந்துகொள்வதைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது. நீங்கள் ஓட்டாத ஒரு போட்டியில், ஒரே ஒரு நாள், மார்ஷலாகப் பதிவுசெய்து நில்லுங்கள். பயிற்சி வகுப்புக்கு முழுதாகப் போங்கள். மழைச்சட்டை, தொப்பி, விசில், இரண்டு பேனா, பென்சில் ஒன்று (நனைந்த தாளில் பென்சில்தான் எழுதும்), அட்டைக்கு உப்பு எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்வீப்பர் கார் கடக்கும்வரை இடத்தை விட்டு நகராதீர்கள். உங்கள் சங்கத்தில் அடுத்த போட்டி அறிவிக்கப்படும்போது நுழைவுப் படிவத்தோடு தன்னார்வலர் படிவத்தையும் கேட்டு வாங்குங்கள். வேண்டாம் என்று எந்தச் சங்கமும் சொல்லாது, ஆள் எப்போதும் பற்றாக்குறைதான்.